மலரில் நான் எழுதிய மூன்றாம் பந்தி

எனக்கு வாய் நீளம். கையும் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது பொய்யில்லை, இந்தக் கதையிலேயே ஒரு மனிதருடைய வெள்ளைச் சட்டையில் நான் தேத்தண்ணியை வீசப்போகிறேன். ஆனால் வாய் திறக்கவேண்டிய காலம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான். அதைவிடக் கேவலம், பேனாவைத் திறந்து எழுதினேன்.

பெயர் சிறிதேவி. ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட்டில், நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். எனக்குப் பார்னஹாகவில் வேலை, அதாவது பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடத்தில். எங்களுக்கு நேர் மேல் வீட்டில் உதயகுமாரி இருந்தாள். இது அவளுடைய கதை. அவளுடைய புருஷன் ஜெயரத்தினத்தின் கதை ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது. எங்கள் சங்கத்தின் 2005ஆம் ஆண்டுப் பொங்கல் மலரில் பதினேழாம் பக்கம், கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் படம், மேலே பெரிய எழுத்தில் ‘ஒஸ்லோவில் சொந்தமாகக் கார் கட்டிய முதல் தமிழர்’. கீழே நாலு பந்தி. முதலாவது பிறந்த ஊர், இரண்டாவது தொழில், நாலாவது வாழ்த்து. மூன்றாவது குடும்ப வாழ்க்கை. அந்த மூன்றாவதை எழுதியது நான்.

‘தொழிலிலே கண்டிப்பு, வீட்டிலே கனிவு என்று வாழ்பவர். அன்பு மனைவி உதயகுமாரியும் அருமை மகள் ராகவியும் அவருடைய இரு கண்கள். கோபம் என்றால் என்னவென்று அறியாத குடும்பத் தலைவர். அவருடைய வீட்டு வாசலைத் தாண்டுவோருக்குக் கேட்பது சிரிப்பொலி மட்டுமே.’

இதிலே என்ன உண்மை என்று கேட்டால், பெயர்கள் உண்மை. மலரில் மரியாதையாக ‘அவர்’ என்று எழுதினேன். இங்கே அவன் என்றுதான் எழுதுவேன். விருப்பமில்லாதவர்கள் பதினேழாம் பக்கத்தைப் படித்துக்கொள்ளட்டும்.

அவன் கெட்டிக்காரன். அதை மறைக்கமாட்டேன். எண்பத்தாறில் நோர்வேக்கு வந்தவன், வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் பழுதான லொறிகளைத் திருத்தித் திருத்தியே தொழில் பிடித்தான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, அல்னாப் பக்கம் ஒரு கராஜ் எடுத்தான். இரண்டாயிரத்து இரண்டில் அவனுக்கு மின்சாரக் கார்ப் பித்துப் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து கண்ணாடியிழைக் கூடுகளை இறக்கி, மோட்டரும் பற்றரியும் தானே பூட்டி, இரண்டுபேர் இருக்கக்கூடிய சின்னக் கார் கட்டத் தொடங்கினான். ‘பெற்றோல் வேண்டாம், பஸ் ஓடுற பாதையில ஓடலாம்’ என்று கோயிலில், கொண்டாட்டத்தில், செத்த வீட்டில்கூட அதே கதை. நாங்களும் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினோம். இந்த ஊரில் எங்களைத் துப்புரவு வேலைக்காரர், மீன் வெட்டுகிறவர் என்றே பார்த்துப் பழகியவர்களுக்கு நடுவில் எங்கள் ஆள் ஒருவன் கார் கட்டுகிறான் என்றால் சும்மாவா?

கராஜில் அவனுக்குக் கீழே வின்சென்ற் என்று ஒரு மெக்கானிக், குருநகர்க்காரர், நாற்பது வயது. ஒரு நாள் ஒரு நட்டு இறுகவில்லை என்று அவருடைய முகத்துக்கு நேரே ஸ்பானரை எறிந்தான். இடது புருவம் பிளந்தது. ஏழு தையல். ‘தொழில் எண்டால் உந்தக் கோபம் இருக்கத்தானே வேணும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். வின்சென்றும் அதையே சொல்லிச் சிரித்தார், சிரிக்கும்போது தையல் இழுத்து இரத்தம் கசிந்தது.

வீட்டில் நடந்ததை நான் காதால் அறிந்தேன். எங்கள் கட்டடத்தின் தளம் மெல்லியது; மேல் வீட்டில் கரண்டி விழுந்தால் எங்களுக்குக் கேட்கும். முதலில் கதிரை இழுபடும். பிறகு அவன் குரல் இல்லாமல், அடி மட்டும் விழும். பெல்ற் என்று உதயகுமாரி பிறகு சொன்னாள், இடுப்பில் கட்டுவது அல்ல, கார் எஞ்சினில் ஓடுகிற ரப்பர் பெல்ற், கராஜிலிருந்து அதற்கென்றே கொண்டுவந்து குசினி அலுமாரியில் வைத்திருந்தானாம். அவள் அழுகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. மகளுக்குக் கேட்கக்கூடாது என்று துவாயைக் கடித்துக்கொள்வாளாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அவன் போரில் அடிபட்டவன், அதனால்தான் இப்படி என்று சிலர் சாக்குச் சொன்னார்கள். அவன் கண்ட போர் தொலைக்காட்சியில் கண்டது. அதே போரில் செல்லுக்கும் குண்டுக்கும் நடுவில் ஆறு வருஷம் பதுங்குகுழியில் கிடந்து வந்தவள் உதயகுமாரி. சாவகச்சேரிப் பெண். தொண்ணூற்றிரண்டில் படம் பார்த்துப் பேசி முடித்த கலியாணம். வந்து இறங்கிய மூன்றாம் மாதம் ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டப் போனாள். அந்தத் தொழிற்சாலையிலேயே வேகமான கை அவளுடையதாம். எலும்பைத் தொடாமல் சதையை எடுத்துவிடுவாள் என்று அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஒஸ்லோவுக்கு வந்ததும் வேலையை நிறுத்தினான். நோர்வேஜியன் வகுப்புக்கும் விடவில்லை. ‘உனக்கு என்னத்துக்குப் பாஷை, நான் இருக்கிறன், பிள்ளை இருக்குது’ என்றானாம். பிள்ளை என்றால் ராகவி. எங்கள் சனத்தில் இது பெரிய விஷயமே இல்லை. டொக்டரிடம், வங்கியில், வரிக் கந்தோரில் தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். பால்பல் விழாத வயதிலேயே தொடங்கிவிடும். அதைக் கெட்டித்தனம் என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிவோம்.

2004 நவம்பரில் முதல் கார் முடிந்தது. சிவப்பு நிறம். அதன் கதவுக்கு உள்ளே இரும்புச் சட்டம் வைத்துத் தானே ஒட்டினான், அதைப்பற்றி அவனுக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உதயகுமாரி சாப்பாடு கொண்டு கராஜுக்குப் போயிருக்கிறாள், ராகவியும் கூட. பூச்சு இன்னும் காயவில்லை. சாப்பாட்டுப் பையை வைக்க இடம் தேடியவள் கதவின் விளிம்பில் கையை ஊன்றிவிட்டாள். பூச்சில் நாலு விரலும் பதிந்தன.

அவன் அவளுடைய இடது கையைப் பிடித்தான், கதவு பொருந்துகிற தூணில் விரல்களை வைத்தான், கதவை அடித்துச் சாத்தினான். அவள் கையை இழுத்தாள், விடவில்லை. திறந்து இன்னொருமுறை சாத்தினான்.

லேகவக்த் என்கிற அவசர சிகிச்சை நிலையத்துக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியில், காரை ஓட்டிக்கொண்டே, பின்னால் இருந்த பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். அம்மா தானே கதவைச் சாத்தினவ, கவனமில்லை. அங்கே இளம் டொக்டர் ஒருத்தி உதயகுமாரியைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். உதயகுமாரி தமிழில், ‘இவர்தான் செய்தவர் எண்டு சொல்லு பிள்ளை’ என்றாள். தகப்பன் பிள்ளையின் தோளில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். ராகவி டொக்டரைப் பார்த்து நோர்வேஜியனில், அம்மா தானே கதவைச் சாத்தினவ, கவனமில்லை என்றாள்.

உதயகுமாரிக்கு அந்த வசனம் விளங்கவில்லை. ஆனால் டொக்டர் தலையாட்டிய விதத்தில் விளங்கிவிட்டது. பிள்ளையை ஒரு சொல் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துச் சங்கத்துச் செயலாளர் இரவீந்திரன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மலருக்கு முன்னோடிகள் பகுதி போடுகிறோம், தொழிலைப்பற்றி நான் எழுதுகிறேன், குடும்பத்தைப்பற்றி நீங்கள் எழுதுங்கோ, கீழ் வீடுதானே என்றார். எனக்கு எழுத்துப் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள், இங்கே வந்து டயப்பர் மாற்றிக்கொண்டு இருக்கிறேன். பெயர் அச்சில் வரப்போகிறது என்றதும் மனம் குளிர்ந்துபோனது. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேல் வீட்டுக்கு ஏறினேன்.

அவன் இல்லாத நேரம். குசினியில் உதயகுமாரி ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இடது கைக்கட்டு அழுக்காகி அவிழ்ந்து தொங்கியது. நான் புதுத் துணி எடுத்துக் கட்டினேன். இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி இருந்தன.

“உது எப்படி வந்தது?” என்று கேட்டேன்.

“கதவுக்குள்ள அக்கா.”

“கவனமா இருக்கிறதில்லையே.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கவனமில்லாமல் பட்டால் ஒருக்காத்தானே அக்கா படும். இது ரெண்டு தரம்.” அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பெல்ற், துவாய், ராகவி டொக்டரிடம் சொன்னது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு என் கையிலிருந்த தாளைக் காட்டி, “எங்கட குடும்பத்தைப் பற்றித்தானே எழுதப்போறியள். இதையும் எழுதுங்கோ” என்றாள்.

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, பகிடி என்று நினைக்க விரும்பினேன். “விசரே உனக்கு, நல்ல நாள் மலரில போய்” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். நான் கீழே வந்து, அந்த நாலு வசனத்தையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன்.

ஒரு பிள்ளையின் உடம்பில் ஒரு நீலக் காயம் கண்டாலும் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு உடனே அறிவிப்பேன் என்று வேலையிடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். நோர்வேஜியப் பிள்ளைகள் என்றால் அறிவித்திருப்பேன், இரண்டு முறை அறிவித்தும் இருக்கிறேன். எங்கள் பிள்ளை என்றதும் வேறு கணக்குப் போட்டேன். ‘பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்’ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் பொது. அந்தப் பயத்தைச் சொல்லியே எத்தனை வீட்டில் எத்தனை பெல்ற் தொங்குகிறதோ.

2005 செப்டெம்பரில் மூன்று கார் முடிந்து, கராஜை அடுத்த கூடத்தையும் எடுத்து, திறப்பு விழா வைத்தான். ஒரு சனிக்கிழமை. ஐயர் வந்தார், சங்கத்தார் வந்தார்கள், வெள்ளைக்காரர் ஐந்தாறு பேரும் வந்தார்கள். சிவப்புக் காருக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய். தேசிக்காயை வைக்கும் வேலை உதயகுமாரிக்கு. முற்றம் சரிவு. கார் எடுக்கிற நேரம் பார்த்து ஒரு தேசிக்காய் உருண்டு ஓடிவிட்டது. கார் மூன்றை நசித்துக்கொண்டு சத்தமில்லாமல் புறப்பட்டது, எல்லோரும் கை தட்டினோம். இருபது மீற்றர் போயிருக்காது, நின்றுவிட்டது.

அவன் திறப்பைத் திருகினான், மூடியைத் திறந்தான், மூடினான். வின்சென்ற் ஓடி வந்து எதையோ தொட்டார். பத்து நிமிஷம். வெள்ளைக்காரர் மரியாதைக்கு மணிக்கூட்டைப் பார்க்காமல் நின்றார்கள். எங்கள் ஆட்களில் யாரோ, “தள்ளிக்கொண்டு போனால் பற்றரியும் மிச்சம்” என்று சொல்ல, ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு வடையைத் தின்றுவிட்டு எல்லோரும் புறப்பட்டோம். அவன் சிரித்த முகத்தோடு ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். உதயகுமாரி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “கொஞ்சம் நிண்டு போங்கோவன் அக்கா” என்றாள். வீட்டில் வேலை கிடக்குது என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படி ஒரு வேலையும் கிடக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததை அவள் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்து எனக்குச் சொன்னாள். முற்றம் வெறுமையானதும் அவன் காரைச் சரிவில் மேலே தள்ளி நிறுத்தினான். வின்சென்ற் ஒரு வயரை மாற்றினார், மோட்டர் வேலை செய்தது. வின்சென்றை உள்ளே போகச் சொன்னான். அவர் போய்க் காற்று அடிக்கிற கொம்பிரசரைப் போட்டுவிட்டு வேலையில் நின்றார்.

“எத்தினை தேசிக்காய் வைச்சனீ?” என்று அவன் கேட்டிருக்கிறான்.

“நாலு.”

“எத்தினை நசிஞ்சது?”

“மூண்டு.”

“அப்ப நாலாவது நீ. போய் நில்லு.”

முன் சில்லுக்கு நேரே அவளை நிறுத்தினான். ராகவி கூடத்து வாசலில் நின்றாள். “நீ ஓடினால் அவளைக் கொண்டுவந்து நிப்பாட்டுவன்” என்றான். அதனால் அவள் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். மின்சாரக் கார் என்பதால் வருகிற சத்தம் கேட்காது, எப்போது என்று தெரியாது. அவன் ஏறி ஓட்டிய கார் அவளைத் தள்ளி விழுத்தியது, வலது பாதத்தின்மேல் ஏறியது. பிறகு பின்னுக்கு எடுத்தான். அப்போதும் பாதத்தின் மேலால்தான் எடுத்தான். எலும்பு உடைகிற சத்தம் மட்டும் தனக்குக் கேட்டது என்றாள். அவள் கத்திய கத்தல் கொம்பிரசரையும் மீறிக் கேட்டு வின்சென்ற் ஓடி வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போனார். பதின்மூன்று வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கத்தியது அதுதான் முதல் தடவை.

இந்தமுறை வைத்தியசாலையில் பிள்ளையை வெளியே இருத்திவிட்டு, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். உதயகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். பொலிஸ் வந்தது. அவளையும் ராகவியையும் பெண்கள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள், அவனை அவர்கள் கிட்டப் போகக்கூடாது என்று தடுத்தார்கள். ஆனால் அவன் பொலிஸில் சொன்ன கதையும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சத்தமில்லாத கார், அவளுக்குக் கேட்கவில்லை. சரிவு, எனக்குத் தெரியவில்லை. விபத்து. வின்சென்ற், தான் உள்ளே நின்றதாகவும், கொம்பிரசர் ஓடியதாகவும் மட்டும் சொன்னார். ராகவியைத் தனி அறையில் வைத்துக் கேட்டார்கள். ‘நான் பார்க்கேல்லை’ என்றாள், வேறு ஒரு சொல்லும் இல்லை. பார்க்கவில்லை என்பது பொய் என்று தாய்க்குத் தெரியும். ஏன் சொல்கிறாள் என்று தாய்க்கும் தெரியவில்லை.

ஆகவே ஒரு பக்கம் அவளுடைய சொல், மறுபக்கம் அவனுடைய சொல். விபத்து என்று தீர்ப்பு வந்தால் வீடும் அவனுக்கு, ஒருவாரம் விட்டு ஒருவாரம் ராகவியும் அவனுக்கு. உதயகுமாரி ஊன்றுகோலில் நின்று என்னிடம் சொன்னாள், “எனக்குக் கால் போனால் போகட்டும் அக்கா. பிள்ளையைத் தனிய அந்த வீட்டில விடேலாது.”

அப்போதுதான் என் மூன்றாம் பந்தி வேலை செய்யத் தொடங்கியது. அவனுடைய வழக்கறிஞர் மலரின் பதினேழாம் பக்கத்தை முத்திரை குத்தித் தரும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு நோர்வேஜியனில் எழுதுவித்து நீதிமன்றத்தில் கொடுத்திருந்தார். சாட்சிப் பட்டியலில் கட்டுரையாசிரியர், சிறிதேவி, கீழ் வீடு. அவனுடைய சாட்சி நான். கடிதத்தை வாசித்துக்கொண்டே எடுத்த சோற்றுப் பானை நிலத்தில் விழுந்தது.

இரவீந்திரன் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல வாசம். தேத்தண்ணி கொடுத்தேன்.

“புதுசா ஒண்டும் சொல்லத் தேவையில்லை சிறிதேவி அக்கா,” என்றார். “நீங்கள் எழுதினதை நீங்கள் எழுதினது எண்டு சொன்னால் காணும். தமிழனுக்கு இந்த ஊரில ஒரு பேர் வந்திருக்கு. உதைக் கெடுக்கக்கூடாது.”

“அவளின்ர காலைப் போய்ப் பாத்தனீங்களோ தம்பி?”

“அது விபத்து எண்டு அண்ணை சொல்லுறார். புருஷன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். அவள் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளைக்கும் ஒரு தகப்பன் இருந்திருப்பார்.”

என் கையில் இருந்த கோப்பை எப்போது பறந்தது என்று எனக்கே தெரியாது. தேத்தண்ணி அவருடைய நெஞ்சில், கோப்பை சுவரில். அவர் துள்ளி எழும்பினார். “சூடோ?” என்று கேட்டேன். “ஒரு தரந்தானே தம்பி. பொறுத்துக்கொள்ளுங்கோ.” மூன்றுபேரும் சப்பாத்தை ஒழுங்காகப் போடாமலே படியிறங்கினார்கள். அவர்கள் போனபிறகு உட்கார்ந்து அழுதேன். வீரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அடிக்கிற கையைப்பற்றி எழுத உட்கார்ந்தவளின் கையும் அப்படித்தான் இருக்கிறது. பயமும் இருந்தது, தெரிந்தும் அறிவிக்காமல் இருந்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னால் வேலையிடத்தில் என்னை வைத்திருப்பார்களோ தெரியாது.

2006 மே மாதம் வழக்கு. இந்த நாட்டில் சாட்சி சொல்கிறவர் சாமிப் படத்தில் அடித்துச் சத்தியம் செய்வதில்லை. மானத்தின் பேரிலும் மனச்சாட்சியின் பேரிலும் உண்மை சொல்வீர்களா என்று நீதிபதி கேட்பார். உறுதி சொன்னேன். அவன் சாம்பல் கோட்டுப் போட்டு முன்னால் இருந்தான். என்னைப் பார்த்து, கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல், தலையை அசைத்தான்.

அவனுடைய வழக்கறிஞர் என் நாலு வசனத்தையும் நோர்வேஜியனில் வாசித்தார். கோபம் என்றால் என்னவென்று அறியாத குடும்பத் தலைவர். அந்தப் பாஷையில் கேட்கும்போது இன்னும் நன்றாக இருந்தது.

“இதை எழுதியது நீங்களா?”

“நான்தான்.”

“நன்றி,” என்று அவர் உட்காரப் போனார்.

“பொய்,” என்றேன்.

அவர் நின்றார். நான் நீதிபதியைப் பார்த்து, எனக்குத் தெரிந்த நோர்வேஜியனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். எழுதுவதற்கு முதல் அந்தப் பெண்ணின் விரலுக்கு நான் கட்டுப் போட்டேன். கதவு ஒருமுறை அல்ல, இரண்டு முறை சாத்தப்பட்டது என்று அவள் எனக்குச் சொன்னாள். இதையும் எழுதுங்கள் என்று கேட்டாள். எழுதாமல் விட்டேன். சிரிப்பொலி என்று எழுதினேன். எனக்குக் கேட்டது பெல்ற் அடி. மூன்று வருஷம் கேட்டது. நான் பார்னஹாகவில் வேலை செய்கிறேன், அறிவிக்கவேண்டியவள், அறிவிக்கவில்லை. அரச வழக்கறிஞர் உடனே எழும்பி, அவசர சிகிச்சையில் எடுத்த பழைய எக்ஸ்றே அறிக்கையைக் கேட்டார். ஒரே விரல்கள், ஆனால் முறிவு இரண்டு வேறு இடங்களில். ஒன்றரை வருஷமாக அந்தத் தாள் கோப்பிலே கிடந்தது.

அவன் எழும்பினான். “வேசை, உன்ர வாயைக் கிழிப்பன்” என்று தமிழில் கத்திக்கொண்டு மேசையைத் தள்ளினான். தண்ணீர்ச் சாடி விழுந்து உடைந்தது. இரண்டு பொலிஸார் அவனைப் பிடித்து இருத்தினார்கள். கோபம் என்றால் என்னவென்று அறியாதவனை எல்லோரும் பார்த்தார்கள். இடைவேளை விட்டார்கள்.

நான் வெளித் தாழ்வாரத்துக்கு வந்தேன். அங்கே மர வாங்கில் ராகவி இருந்தாள், அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்தில் உதயகுமாரியின் வழக்கறிஞர், ஒரு வயதான நோர்வேஜியப் பெண், கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்து மூடுகிறபோது உள்ளே கேட்ட கத்தல் பிள்ளைக்கும் கேட்டிருக்கிறது. முகம் வெளுத்துப்போய் இருந்தாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அன்ரி,” என்றாள். “நீங்கள் உள்ளுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“நான் மலரில பொய் எழுதினனான் எண்டு சொன்னனான்.”

“அப்ப உங்களைப் பிடிப்பினமோ?”

“இல்லைப் பிள்ளை. ஏன்?”

அவள் சப்பாத்தின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். “நானும் பொய் சொன்னனான். அம்மாவின்ர விரலுக்கு லேகவக்த்தில. டொக்டருக்குப் பொய் சொன்னது பெரிய குற்றமாம், பொலிஸோட கதைச்சால் என்னைத்தான் முதல்ல பிடிப்பினமாம். அப்பா சொன்னவர்.”

எனக்கு அந்த இடத்திலேயே எழும்பிப்போய் அவனை அடித்துக் கொல்லவேண்டும் போல் இருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. எட்டு மாதம் ஒரு பிள்ளை இந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது, தாயின் பக்கத்தில் படுத்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய கையைப் பிடித்தேன்.

“அப்ப உனக்கு எத்தினை வயசு?”

“பத்து.”

“எனக்கு நாப்பத்தாறு. நான் சொன்ன பொய்தான் குற்றம். நீ சொன்னது அவர் சொல்லித் தந்தது. உன்னை ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்.”

“உண்மையாவோ?”

“மானத்தின்ர பேரில.”

அவள் சப்பாத்து நூலை விட்டாள். பிறகு, “அப்ப நான் கண்டதைச் சொல்லலாமோ?” என்றாள்.

“ஓம் பிள்ளை.”

அவள் எழும்பி அந்த வயதான வழக்கறிஞரிடம் தானே நடந்து போனாள். நான் கூடப் போகவில்லை. அவள் நோர்வேஜியனில் சொல்லத் தொடங்கினாள், அந்த அம்மா கோப்பிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார். முதல் வசனம் எனக்குக் கேட்டது. நாலு தேசிக்காய் இருந்தது, ஒன்று உருண்டுவிட்டது என்றாள்.

வழக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது. பிள்ளையைத் திரும்பத் தனி அறையில் கேட்டார்கள். அதன்பிறகு வின்சென்றும் கொம்பிரசரைப் போடும் முன்னர் தனக்கு என்ன கேட்டது என்று ஒப்புக்கொண்டார். அவனுக்கு மூன்று வருஷச் சிறை. பிள்ளையைப் பார்க்கவும் உரிமையில்லை. எனக்கு வேலையிடத்தில் எழுத்திலே ஓர் எச்சரிக்கை கிடைத்தது, அதை வாங்கிக்கொண்டேன். கோயிலில் பாதிச் சனம் என்னோடு கதைப்பதில்லை. தமிழன் ஒருவன் கார் கட்டினான், ஒரு பொம்பிளையின் வாயால் கவிழ்ந்தான் என்று கதை போகிறது. போகட்டும்.

அடுத்த பொங்கல் மலருக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். அது மலருக்குப் பொருத்தமில்லை என்று மலர்க்குழு திருப்பி அனுப்பியது. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன். இதுதான் பதினேழாம் பக்கத்து மூன்றாம் பந்தி. முந்தியதை அடித்துவிட்டு இதை வாசியுங்கள்.

‘குடும்ப வாழ்க்கை: ஒஸ்லோவில் சொந்தமாகக் கார் கட்டிய முதல் தமிழரான ஜெயரத்தினத்தின் மனைவிக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. வலது பாதத்தில் ஆறு ஆணி. இப்போது அவர் ஹவுகெட்டோவில் மகளோடு தனி வீட்டில் இருக்கிறார், காலையில் நோர்வேஜியன் வகுப்புக்குப் போகிறார். சென்ற மாதம் பாதத்தைக் காட்ட டொக்டரிடம் தனியாகப் போய், என்ன நடந்தது என்று கேட்டதற்குத் தானே பதில் சொன்னார். மகள் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.’